பி.ஓ. வந்தாச்சா?

லாஸ் கொலினாஸ் பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஆட்களிடம் 'பர்ச்சேசிங்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சுதான் பதிலாக வரும். "பி.ஓ. மூணு வாரமா அவங்ககிட்டதான் கிடக்கு!" நம்மில் அதிகம் பேர் ஐ.டி.யிலும் எஞ்சினீயரிங்கிலும் இருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் அந்த டிபார்ட்மென்ட் வெறும் செக்போஸ்ட் மாதிரிதான் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாத்தாவிடம் 'கொள்முதல்' என்று சொன்னால் அவருக்கு நெல் கொள்முதல் நிலையம் ஞாபகம் வரும். ஈரப்பதம் பார்ப்பாங்க, எடை போடுவாங்க, அதுக்கப்புறம்தான் பணம். பெரிய கம்பெனியிலும் அதே கதைதான். கேட்பவர் ஒருவர், ஆர்டர் போடுபவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். ஆர்டரும், சரக்கு வந்ததற்கான ரசீதும், சப்ளையர் அனுப்பிய பில்லும் ஒத்துப்போனால்தான் காசு வெளியே போகும். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூணு வாரத்தில் கொஞ்சமாவது இதற்காகத்தான் போகிறது. (மீதி சோம்பேறித்தனம். அதையும் மறுக்க மாட்டேன்.)

இதைப் பேச இர்விங்கைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஃப்ளூர் 2006-ல் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. அவர்கள் தொழிலையே ஈ.பி.சி. என்பார்கள், நடுவில் இருக்கிற 'பி' கொள்முதல்தான். 2019-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த மெக்கெசனின் முக்கிய வேலை, மருந்தை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கும் ஃபார்மசிகளுக்கும் சேர்ப்பது. 2022-ல் இங்கே மாறுவதாக அறிவித்த கேட்டர்பில்லருக்குத் திருவள்ளூரிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்த ஊரில் யாரோ போடுகிற ஆர்டர் உலகத்தின் இன்னொரு மூலையில் யாருக்கோ அந்த மாத வேலை.

சரி, கொள்முதலின் வேலை மலிவாக வாங்குவதுதானா? அப்படி நம்பி இறங்கியவர்களில் மிகப் பிரபலமானவர் ஹோசே இக்னாசியோ லோபெஸ். 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நஷ்டத்தில் தத்தளித்தபோது ஐரோப்பாவிலிருந்து அவரை அழைத்து வந்து கொள்முதல் தலைவராக்கினார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்களையே மறுபடி திறந்து, விலையைக் குறை, இன்னும் குறை என்று சப்ளையர்களை நெருக்கினார். கணக்கில் பெரிய சேமிப்பு தெரிந்தது. 1993-லேயே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குத் தாவிவிட்டார். போகும்போது ரகசிய ஆவணங்களை எடுத்துப் போனார் என்று வழக்கு. 1997-ல் ஃபோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் கொடுத்து அதை முடித்தது. ஆனால் நல்ல யோசனை இருந்தால் ஜி.எம்.முக்கு முதலில் காட்டாதே என்ற மனநிலை சப்ளையர்களிடம் பல வருஷம் தங்கிவிட்டது. அந்த நஷ்டத்தைச் சுமந்தது கொள்முதல் டிபார்ட்மென்ட் இல்லை, டிசைனும் உற்பத்தியும்தான். மலிவாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு அரிசியை வாங்கி வந்தால், இட்லி கல்லாகும்போது திட்டு வாங்குவது வாங்கியவர் இல்லையே, மாவு அரைத்தவர்தானே!

அதே 1997-ல், பிப்ரவரி 1-ஆம் தேதி, ஜப்பானில் ஐசின் கம்பெனியின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக்கில் போகிற ஒரு சின்ன வால்வு ஏறத்தாழ முழுக்க அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு ரொம்பக் கொஞ்சம். சில நாட்களிலேயே டொயோட்டாவின் பெரும்பாலான ஆலைகள் நின்றன. அப்புறம் நடந்ததுதான் அதிசயம். பல சப்ளையர்கள், காருக்கே சம்பந்தமில்லாத தையல் மெஷின் கம்பெனியான பிரதர் உட்பட, வரைபடத்தை வாங்கிக்கொண்டு அந்த வால்வைச் செய்ய இறங்கினார்கள். என்ன விலை, யார் கொடுப்பது என்று யாரும் முதலில் பேரம் பேசவில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஒரே இடத்தில் வாங்கியது டொயோட்டாவின் தவறுதான். ஆனால் அவர்களுடைய எஞ்சினீயர்களும் வாங்குபவர்களும் வருஷக்கணக்காக சப்ளையரின் தரைத்தளத்தில் நின்றிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் அந்த வாரம் கைகொடுத்தது. அந்த டொயோட்டாவின் அமெரிக்கத் தலைமையகம் 2017 முதல் நமக்குப் பக்கத்து பிளேனோவில்.

நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். வால்வு மட்டும் இல்லை, ஆட்களையும் கொள்முதல் வழியாகத்தான் வாங்குகிறார்கள். கான்ட்ராக்ட் கன்சல்டன்ட், மணிக்கு இவ்வளவு ரேட், அங்கீகரித்த வெண்டர் பட்டியல். நம்ம அப்பா அம்மாக்களில் பல பேர் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகத்தான் இந்த ஊருக்கு வந்தார்கள். "எல்லா வெண்டரும் 10 சதவீதம் குறைக்கணும்" என்று மேலிருந்து ஒரு மெயில் வந்தால், அது நாலு கை மாறி ஒரு வீட்டுச் சம்பளத்தில் போய் விழும். ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு வேலையே போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள்.

இன்று நாம் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். ஆள் கேட்டு எழுதுகிற மேனேஜர் நாம்தான். எழுதும்போது "ஜாவா டெவலப்பர், 2 பேர்" என்று நிறுத்திவிட்டு, மூணு வாரம் கழித்து பி.ஓ. வந்தாச்சா என்று கத்துகிறோம். வாங்குபவர் கண்ணுக்கு எக்செல் தாளில் ஒரு பெயர், ஒரு ரேட், அவ்வளவுதான் தெரியும். பதினைந்து வருஷப் பழைய பில்லிங் கோடைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த இரண்டாவது வரியில் இருக்கிற பெண்மணி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கான்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அவருடன் உட்கார்ந்து, இவர் போனால் எந்த வேலை எத்தனை நாள் நிற்கும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ரேட்டைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து மெயில் வரும்போது, அவர் கையில் பதில் சொல்ல ஒரு காகிதமாவது இருக்கும்.