ஆரணியில் அடித்துக்கொண்ட அடுத்த வீட்டுக்காரர்கள்

"நாங்க தீவுக்காரங்க. ஐரோப்பா வேற, நாங்க வேற." ஆங்கிலேயர்களுக்கு ரொம்பப் பிடித்த வசனம் இது. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 52க்கு 48 என்ற கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதென்று பிரிட்டன் முடிவு செய்தது. 2020 ஜனவரி 31 அன்று நிஜமாகவே கிளம்பியும் போய்விட்டார்கள். (ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டன. போகணும் என்று நின்றது இங்கிலாந்தும் வேல்ஸும்தான்.)

போறதும் இருக்கறதும் அவங்க வீட்டு விஷயம். அதிலே நாம சொல்ல ஒண்ணுமில்லே. ஆனா, "நாங்க எப்பவுமே தனிதான், ஐரோப்பாவோட எங்களுக்கு ஒட்டும் இல்லே உறவும் இல்லே" என்று சரித்திரத்தையே திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கு சிரிப்பு வருது. ஊர் உலகத்தில் யார் வேணும்னாலும் இதை நம்பட்டும், ஆரணிக்காரன் நம்பக்கூடாது. ஏன்னா அந்த ஒட்டும் உறவும் எங்க வயல்ல வந்து உருண்டிருக்கு.

ராஜா கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1600ம் வருஷம் டிசம்பர் 31ந்தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாசனம் கொடுத்தாங்களே முதலாம் எலிசபெத் ராணி, அவங்களுக்கு இருந்த பட்டம் என்ன தெரியுமா? இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து நாடுகளின் ராணி! பிரான்ஸ் மண்ணில் கடைசியாகக் கையில் இருந்த கலே துறைமுகமும் 1558லேயே போய்விட்டது. நிலம் போனாலும் பட்டத்தை விடலை. 1340ல் மூன்றாம் எட்வர்ட் ஆரம்பித்து வைத்த இந்த "பிரான்ஸ் ராஜா" பட்டத்தை 1801 பிறக்கும்போதுதான் கைவிட்டார்கள். பத்திரம் இல்லாத நிலத்துக்கு நானூத்தி அறுபது வருஷம் உரிமை கொண்டாடியிருக்காங்க. இதையெல்லாம் பங்காளிதான் செய்வான், அந்நியன் செய்ய மாட்டான்.

அதோட விடுங்க. 1751ல் ஆரணியில் ஆங்கிலேயப் படை சண்டை போட்டபோது இங்கிலாந்து சிம்மாசனத்தில் இருந்தவர் இரண்டாம் ஜார்ஜ். பிறந்தது ஜெர்மனியின் ஹனோவரில். இவர் அப்பா முதலாம் ஜார்ஜ் 1714ல் ஹனோவரிலிருந்து வந்து ராஜாவானவர். ஆக ஒரு ஜெர்மன்காரர், ஏட்டளவில் பிரான்ஸுக்கும் ராஜா, அவர் நாட்டுக் கம்பெனி எங்க ஊரில் பிரெஞ்சுக்காரரோட சண்டை. குழப்பமா இருக்கா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது :-)

சரி, ஆரணிக்கு வருவோம். ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. அதற்கு அடுத்து நடந்தது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. முற்றுகை போட்டுத் தோற்றுப் பின்வாங்கிய ராஜா சாகிப் (சந்தா சாகிபின் மகன்) படையைத் துரத்திக்கொண்டு கிளைவ் தெற்கே வந்தார். புதுச்சேரியிலிருந்து டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை ராஜா சாகிப் கூட. மொராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை கிளைவ் கூட. 1751 டிசம்பர் 3 அன்று ஆரணியில் மோதல். ஒரு பக்கம் கிராமம், இன்னொரு பக்கம் தோப்பு, எதிரே நெல்வயல் என்று கிளைவ் இடம் பார்த்து நின்றுகொண்டார். பீரங்கியோட வந்த பிரெஞ்சுக்காரர்களால் சேற்றில் இறங்க முடியலை, நடுவில் போன ஒற்றை வரப்புச் சாலையில்தான் வரவேண்டியிருந்தது. வரிசையா வந்தவனை நின்ன இடத்திலிருந்தே சுட்டுட்டாங்க. ஆரணி அரிசிக்குப் பேர்போன ஊர் என்பது பிரெஞ்சுத் தளபதிக்குத் தெரியாமல் போச்சு போல.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த 1751ல் இங்கிலாந்தும் பிரான்ஸும் போரிலேயே இல்லை! 1748ல் சமாதானம் பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த போர் 1756ல்தான். லண்டனுக்கும் பாரீஸுக்கும் நடுவே தூதர்கள் மரியாதையா போய்வந்து கொண்டிருந்த காலத்தில், "நான் முகமது அலிக்கு உதவி", "நான் சந்தா சாகிபுக்கு உதவி" என்று சொல்லிக்கொண்டு இங்கே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். வீட்டுல விருந்து, வயக்காட்டுல வெட்டுக்குத்து. பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நம்மாளுங்களுக்கு இதைத் தனியா விளக்கவே வேண்டாம்.

அந்த 1748 சமாதானத்தின் பேரை ஸ்கூலில் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அய்-லா-சபேல் உடன்படிக்கை. வாயில் நுழையாத அந்தப் பேர் ஜெர்மனியில் இருக்கும் ஆகன் என்ற ஊருக்கு பிரெஞ்சுக்காரர் வைத்த பேர் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லலை. 1746ல் சென்னையை பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். இந்த உடன்படிக்கைப்படி அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஆங்கிலேயர் கொடுத்தது கனடாவில் தாங்கள் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டை. நம்ம சென்னைக்கு மாத்து, அட்லாண்டிக் கரையில் பனியில் உறைந்து கிடக்கும் ஒரு கோட்டை! மயிலாப்பூர்க்காரரைக் கேட்டார்களா, ஜார்ஜ் டவுன் வியாபாரியைக் கேட்டார்களா? யாரையும் கேட்கலை.

இங்கேயிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனா வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அங்கே நடந்த சண்டையோடுதான் பிரெஞ்சுக்காரர் கனவு முடிந்தது. ஆங்கிலப் படைக்குத் தலைமை அயர் கூட், அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படைக்குத் தலைமை லாலி. அவர் அப்பாவும் அயர்லாந்துக்காரர், இங்கிலாந்து ராஜாவோட ஒத்துப்போகாம பிரான்ஸுக்குப் போனவர். "ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிப் போர்" என்று எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனா நிஜத்தில் இரண்டு தளபதிகளுக்கும் பூர்வீகம் ஒரே தீவு! அடுத்த வருஷம் புதுச்சேரியும் விழுந்தது. பல வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நாலு நாள் முன்னாடி, 1761 ஜனவரி 12 அன்று கண்ணை மூடிவிட்டார். லாலியை பிரான்ஸுக்குப் போனபிறகு 1766ல் தலையை வெட்டிவிட்டார்கள். அது தனிக் கதை.

ஆரணி இரண்டாம் தடவை மாட்டியது 1782 ஜூன் 2. இந்த முறை ஐதர் அலிக்கும் அதே அயர் கூட்டுக்கும். இது நம்ம நாட்டு ராஜாவோட நடந்த சண்டைதானே, ஐரோப்பா எங்கே வந்தது என்று கேட்பீங்க. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்க. அமெரிக்காக்காரர்கள் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1778ல் பிரான்ஸ் அவர்கள் பக்கம் சேர்ந்தது. உடனே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1779ல் மலபார் கரையில் இருந்த பிரெஞ்சுக்காரரின் மாஹேயையும் பிடித்தார்கள். அந்தத் துறைமுகம் வழியாத்தான் ஐதருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. 1780ல் ஐதர் படையோட கீழே இறங்கினார். இப்படியாக பாஸ்டன் பக்கம் பத்தின நெருப்பு ஆரணிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. கோட்டையில் ஐதரின் தானியமும் தளவாடமும் இருந்ததால்தான் கூட் இங்கே வந்தார். சண்டை நடந்தது, ஆனா கோட்டை அவர் கைக்கு வரலை.

முடிந்த விதம்தான் எனக்கு இன்னிக்கும் ஆறாதது. அந்த டிசம்பரில் ஐதர் இறந்துவிட்டார். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மும்முரமா மோதிக்கொண்டிருக்கும்போது ஐரோப்பாவிலிருந்து சேதி வருது: சமாதானம் ஆயாச்சு. அவ்வளவுதான், பிரெஞ்சுக்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டார்கள். மங்களூரில் திப்பு கூட நின்றிருந்த பிரெஞ்சுக்காரர்களும் விலகிக்கொண்டார்கள். நம்பி இறங்கியவர் நடுக்களத்தில் தனியா நிக்கறார், ஒரு கடுதாசிக்காக.

"பிரித்தாளும் சூழ்ச்சி" என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம இந்த மொத்தக் கதையையும் முடிச்சுடறோம். நம்ம ஒற்றுமைக் குறைவு ஒரு காரணம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா முகமது அலி, சந்தா சாகிப், ஐதர், திப்பு எல்லாரும் ஒரு பங்காளியை வைத்து இன்னொரு பங்காளியை அடிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள். அந்தப் பங்காளிகளுக்குள் ஏழு கடல் தாண்டி எப்போது ராசி, எப்போது தகராறு என்று தெரிந்துகொள்ள இங்கே வழியில்லை. கப்பல் வர ஆறு மாசம். படிக்கிற பிள்ளைகளுக்கு கர்நாடகப் போர்களை ஐரோப்பிய வரைபடம் இல்லாமல் சொல்லிக் கொடுப்பது, பாவு இல்லாமல் ஊடை மட்டும் ஓட்டுவது மாதிரி. துணி நிக்காது.

பாவு என்றதும் பட்டு ஞாபகம் வருது. ஆரணிக்காரன் பட்டு பேசாமல் முடிக்க முடியுமா?

1685ல் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட் மதத்தவருக்கு இருந்த உரிமையை ரத்து செய்தார். ஹியூகநாட் என்று சொல்லப்பட்ட அவர்கள் கூட்டம் கூட்டமா வெளியேறினார்கள். இங்கிலாந்துக்கு வந்தவர்கள் சுமார் 50,000 பேர். அகதி என்பதற்கான ஆங்கில வார்த்தையே இவர்களோட வந்த பிரெஞ்சு வார்த்தைதான். அவர்களில் பட்டு நெசவாளர்கள் லண்டனுக்குக் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி போட்டார்கள். ஊர் விட்டு ஊர் வந்து தறியால் பிழைத்த கதை எங்களுக்குப் புதுசில்லை. வடக்கே சௌராஷ்டிரத்தில் கிளம்பி, பல தலைமுறை நடந்து வந்த நெசவாளர்கள் எங்க ஊரிலும் இருக்காங்க, வீட்டில் இன்னும் அந்த மொழிதான் பேசறாங்க.

ஆங்கிலப் பட்டு என்று பேர் வாங்கியது இப்படி பிரெஞ்சு அகதிகள் நெய்தது. அதே நெசவாளர்கள்தான், நம்ம சோழமண்டலக் கரைத் துணி வந்து பிழைப்பைக் கெடுக்குது என்று தெருவில் இறங்கினார்கள். அச்சுத்துணி உடுத்திப் போன பெண்களின் துணியைக் கிழித்தார்கள். 1700லும் 1721லும் சட்டம் வந்தது, இந்தியப் பட்டும் அச்சுத்துணியும் இங்கிலாந்தில் யாரும் உடுத்தக்கூடாது என்று. கம்பெனி நஷ்டப்பட்டதா? இல்லை. லண்டன் கிடங்கில் இறக்கி அப்படியே ஐரோப்பாவுக்கு ஏற்றி விற்கலாம் என்று வழி வைத்திருந்தார்கள். "ஐரோப்பா வேற" என்பவர்களின் கல்லாப்பெட்டி அங்கேதான் நிறைந்தது.

அந்த நெசவாளர்கள் மேல் எனக்குக் கோபம் வரலை. தறியில் உட்கார்ந்தவன் பயம் அது. அந்தப் பயம் பலிக்கவும் செய்தது, ஆனா வேறு திசையிலிருந்து. 1860ல் இங்கிலாந்தும் பிரான்ஸும் வர்த்தக ஒப்பந்தம் போட்டுக்கொண்டபோது பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த வரி போச்சு. லியான் நகரத்துப் பட்டு வந்து குவிந்தது. ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தறிகள் அதற்கப்புறம் தலைதூக்கலை. 1743ல் அவர்கள் கட்டிய ஒரு பிரெஞ்சுத் தேவாலயம் பிரிக் லேன் தெருவில் இன்னும் நிக்குது. பிறகு அது மெதடிஸ்ட் சபை ஆனது, யூதர்களின் ஜெபக்கூடம் ஆனது, 1976லிருந்து வங்காளி முஸ்லிம்களின் மசூதி. நாலு வகை ஆட்கள் கும்பிட்ட அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிற ஒருவர் "நாங்க எப்பவும் தனி" என்று எப்படிச் சொல்வார் என்று எனக்குப் புரியலை.

அந்த லியான்காரர் ஒருவரோடு எங்களுக்கு தினசரி பழக்கம் உண்டு. ஆரணியில் தறி இருக்கிற வீட்டுக்குப் போய் மேலே பாருங்க. வரிசையா ஓட்டை போட்ட அட்டைகள் தொங்கும். பார்டரிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் விழுவது அந்த அட்டை சொல்கிறபடிதான். "ஜக்கார்டு பெட்டி" என்போம். ஜக்கார்டு என்பது லியானில் பிறந்த ஒருவர் பேர், ஜோசப் மேரி ஜக்கார்டு, 1752 முதல் 1834 வரை வாழ்ந்தவர். ஆரணியில் கிளைவ் ஜெயித்த அடுத்த வருஷம் பிறந்திருக்கார். இப்போ அட்டைக்குப் பதிலாக எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தாச்சு, பேர் மட்டும் போகலை.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தனியா ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம்ம துணிமணிக்கு அங்கே வரி இருக்காது என்கிறார்கள். 1721ல் சட்டம் போட்டு நிறுத்திய துணிக்கு இப்போ வரவேற்பு, சந்தோஷம். எனக்குத் தெரிய வேண்டியது வேற. கூலிக்கு நெய்கிறவர்கிட்டே கேட்டால், நூல் விலை, ஜரிகை விலை, விசைத்தறியில் நெய்து பட்டு என்று விற்கிறவன், இதையெல்லாம்தான் சொல்வார். லண்டனில் குறைகிற வரியில் எத்தனை ரூபாய் அவர் கூலிக்கு வந்து சேரும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.