திங்கட்கிழமை மனு

திங்கட்கிழமைதோறும் எங்கள் வேங்கிக்காலில் ஒரு சந்தை கூடுகிறது. காய்கறியும் கால்நடையும் விற்கிற சந்தையன்று அது. ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளை உத்தேசித்து, செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதற்குள் மடிப்பு நைந்த பழைய காகிதங்களுமாக ஜனங்கள் வந்து இறங்குகிற மனுச் சந்தை. 1989ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கிய பின்னர், ஏரியும் அதன் பாசனமுமே அடையாளமாக இருந்த இந்தக் கிராமத்துக்கு இப்படியொரு யோகம் வாய்த்தது. மலையைச் சுற்ற வருகிறவர்களுக்குப் பௌர்ணமி எப்படியோ, மனுக் கொடுக்க வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை அப்படி.

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் மனு எழுதிக் கொடுப்பவர்கள். மடியில் ஒரு அட்டையும் பக்கத்தில் வெள்ளைத்தாள் கட்டுமாக உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் சொல்வதையெல்லாம் "பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்" ஆக்கிவிடுகிற அவர்களுடைய சாமர்த்தியம், பத்தி எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கும் எளிதில் வாய்ப்பதன்று. எழுதி முடித்ததும் தாளை எதிர்ப்பக்கம் திருப்பி, தலையை நிமிர்த்தாமலே, "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அவமரியாதை ஏதும் இல்லை. காப்பியா டீயா என்று கேட்பதைப் போன்ற வழக்கமான கேள்விதான். ஆயினும் அதைக் கேட்டவுடன் சில பெண்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மறைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால், ஏரிப்பக்கமாக, கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் ஒரு வரிசை வீடுகள் உண்டு. அந்த வரிசையின் கோடியில் சிமெண்டு ஷீட் போட்ட சிறு ஜெபக்கூடம். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் நெடுங்காலம் உபாத்தியாயராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதன் கூரையடியில் ஒரு பள்ளி நடத்துகிறார். பள்ளி என்று நான்தான் சொல்கிறேன்; அவர் "ஊழியம்" என்கிறார்; ஜனங்கள் "டியூசன்" என்கிறார்கள். ஞாயிறு காலையில் குழந்தைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியும், மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு அதே குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமும் கணக்கும் நடக்கும். எட்டு மணிக்கு மேல், சோறு வடித்துவிட்டு வருகிற பெரியவர்களுக்கு எழுத்து. பகலில் கூலிக்குப் போகிறவர்களுக்கு இரவில்தானே பள்ளி நடத்த முடியும்? நூறு வருஷங்களுக்கு முன்னே சேரிகளில் மிஷனரிகள் திறந்த இராப்பள்ளிகளுக்கும் இதே காரணம்தான் இருந்தது.

ஒரு மழைக்கால இரவில், மின்சாரம் போய் வந்த இடைவெளியில், அவர் பாடம் தொடங்கும் விதத்தை வாசற்படியில் உட்கார்ந்து கவனித்தேன். அகரத்தில் அவர் தொடங்கவில்லை. அகரம் எழுத்துக்கெல்லாம் முதலாக இருக்கலாம். ஆனால் அறுபது வயதில் முதன்முதலாகப் பலப்பம் பிடிக்கிறவளுக்கு அதன் சுழியும் வளைவும் ஒரு கண்ணி. முதல் நாளே அதில் கை மாட்டிக்கொண்டால் மறுநாள் ஆள் வரமாட்டாள் என்பது அவருடைய அனுபவம். ஆகையால் டகரத்தை எழுதிக் காட்டினார். "ஒரு சுவரு, ஒரு தரை. அவ்வளவுதாம்மா." அடுத்தது பகரம்: "ரெண்டு பக்கமும் சுவரு, நடுவுல தரை." எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், சுவரும் தரையும் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியவை அல்ல. கால் மணிக்குள் சிலேட்டுகளில் வீடுகள் எழும்பத் தொடங்கின. மூன்றாம் நாளே அவர்கள் "பட்டா" என்று எழுதிவிட்டார்கள். வீட்டுமனைப் பட்டாவுக்காக எத்தனையோ திங்கட்கிழமைகள் நடந்த கால்கள் அவை. அந்தச் சொல் பகரத்தில் ஆரம்பிக்கிறது என்பதை அன்றுதான் அறிந்துகொண்டன.

அங்கே ஒரு மூதாட்டி கேட்டாள்: "நடுவுல இருக்கறதுக்கு மட்டும் தலையில எதுக்கு சாரு பொட்டு?"

"பொட்டு வெச்சாதாம்மா எழுத்து வாயை மூடிக்கும். இல்லாட்டிப் போனா 'பட்டா' 'படடா' ஆயிடும்."

மெய்யெழுத்துக்குப் புள்ளி எதற்கென்று நான் படித்த இலக்கணங்களில் எங்கும் இவ்வளவு சுருக்கமாக விளக்கம் கண்டதில்லை. உண்மையில் இந்தப் பொட்டு நம்முடைய எழுத்துக்கு வெகுகாலம் நிலையாக வாய்க்கவில்லை. இலக்கணம் அதை விதித்திருந்தபோதிலும், ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிக்கிறவன் தன் அறிவால் இட்டு நிரப்பிக்கொண்டான். அதாவது, முன்பே தெரிந்தவன் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தாக அது இருந்தது. புதிதாகக் கற்கிறவனை உத்தேசித்து அச்சும் காகிதமும் வந்த பிறகே புள்ளி தன் இடத்தில் உறுதியாக வந்து உட்கார்ந்தது. அந்த அச்சுத்தொழிலில், அந்நாளில் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியின் பங்கு சிறியதன்று.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பிரசங்கம் செய்வதற்கு முன்னால் செய்த காரியம் ஒன்று உண்டு. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை வேண்டி, பள்ளியையே தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, குழந்தைகளோடு தாமும் கீழே அமர்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். அடுத்த வருஷமே பள்ளிகள் தொடங்கிப் பெண் குழந்தைகளுக்கும் கற்பிக்கச் செய்ததும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் யாவரும் அறிந்தவை. ஆனால் அந்த இருபத்துநான்கு வயது ஜெர்மானியர் மணலில் அமர்ந்த காட்சிதான் அவருடைய மற்ற சாதனைகளையெல்லாம்விட என் மனத்தில் நிற்கிறது. கற்பிக்க வந்தவன் முதலில் கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். பின்னால் வந்தவர்களில் சிலருக்கு இந்த நினைவு இருந்தது, பலருக்கு மறந்துபோயிற்று.

எங்கள் ஊரில் "டேனிஷ் மிஷன்" என்றால் பள்ளிக்கூடம் என்று பொருள். நகரத்து டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியில் படித்த என் பால்ய சிநேகிதர்களில் எவருக்கும் டென்மார்க் எங்கே இருக்கிறது என்ற விசாரம் ஒருநாளும் எழுந்ததாக ஞாபகமில்லை. விஷயம் தெரிந்தவர்களும், தரங்கம்பாடிக் கோட்டையின் கொடி நிழலிலேயே இந்த மிஷன்காரர்களும் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். அது பிழை. தரங்கம்பாடியை 1845இலேயே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். ஆர்க்காட்டுச் சீமையில் ஊழியம் தொடங்கியது 1860களில். தொடங்கியவரும் டேனிஷ்காரர் அல்லர், கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியர். லைப்சிக் மிஷனில் இருந்த அவர், சபைக்குள் ஜாதி வேற்றுமையைச் சகித்துக்கொள்ளும் அந்த மிஷனின் போக்கோடு இணங்க முடியாமல் விலகி, கடலூர்ப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்று பெயரிட்டு ஒரு ஸ்தாபனத்தை அமைத்தபோது, டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் இந்த ஊழியம் திருக்கோவலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பரவி, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையாக இன்று நிற்கிறது. ஒரே பந்தியில் உட்காருவதா கூடாதா என்ற சச்சரவில் பிறந்த சபை என்பதை அதன் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம். ஜாதி அதன்பின் அந்தச் சபைகளை விட்டு ஓடிப்போயிற்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சபையாரே சிரிப்பார்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்தவர்களிடம் மற்ற மிஷனரிகளிடம் இல்லாத ஒரு சொத்து இருந்தது. குருண்ட்விக் என்றொரு கவி அந்த நாட்டில் இருந்தார். கீர்த்தனைகளும் சரித்திரமும் எழுதிய பாதிரியார். குடியானவனுக்கு இலத்தீன் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், தன் தாய்மொழியில் பாட்டும் பேச்சும் தன் நாட்டுக் கதையும் போதும் என்று அவர் சொன்ன யோசனையிலிருந்து, 1844இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் ஜனப் பள்ளி பிறந்தது. விதைப்பும் அறுப்பும் இல்லாத குளிர்காலத்து மாதங்களில் வயது வந்த உழவர் மக்கள் வந்து தங்கிப் படித்துப்போகிற பள்ளி அது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த ஆனி மேரி பீட்டர்சன் 1909இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். மிஷன் பள்ளிகளில் நம்முடைய பெண் குழந்தைகள் ஐரோப்பியச் சாயலில் வார்க்கப்படுவதைக் கண்டு அவர் மனம் ஒப்பவில்லை. 1917இன் தொடக்கத்தில், எஸ்தர் ஃபேரிங் என்னும் இளம் சகமிஷனரியோடு ஆமதாபாத்துக்குப் போய்க் காந்தியடிகளைச் சந்தித்தார். அந்த உறவு சர்க்காருக்கும் பிடிக்கவில்லை, மிஷனுக்கும் பிடிக்கவில்லை. இருவரும் மிஷனிலிருந்து விலகினார்கள். பறங்கிப்பேட்டையில் பீட்டர்சன் அம்மையார் தொடங்கிய சேவாமந்திர் என்னும் பெண்கள் பள்ளிக்கு 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். அதே மாதம் 22ஆம் தேதி மதுரையில் அவர் நாலு முழத் துண்டுக்கு மாறினார். 1951இல் மறையும்வரை அந்த அம்மையார் கிறிஸ்தவராகவேதான் இருந்தார். கதர் உடுத்திய கிறிஸ்தவராக இருந்தார்.

கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் எழுத்தறிவித்தது மதம் பரப்புவதற்கே என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. வேதத்தை அவரவரே வாசிக்க வேண்டும் என்பது சீர்திருத்தச் சபைகளின் கொள்கை. வாசிக்கத் தெரியாத சபை அவர்களுக்கு அரைச்சபை. எனவே கோயில் கட்டும் இடத்தில் பள்ளியும் கட்டினார்கள், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்பிக்க வேதாகம ஸ்திரீகளை நியமித்தார்கள். இதை அவர்கள் ஒளித்ததில்லை. ஆனால் எழுத்தைக் கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான் என்பதை எழுத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. சுவிசேஷம் வாசிக்கப் பழகிய கண் கடன் பத்திரத்தையும் வாசிக்கிறது. சுவிசேஷத்தை மறுத்து எழுதப்பட்ட துண்டுப் பிரசுரத்தையும் வாசிக்கிறது. கொடுத்தவர்களில் யோக்கியமானவர்கள் இதைத் தெரிந்தே கொடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஹெர்மன் ஜென்சன் என்ற டேனிஷ் மிஷனரி நம்முடைய பழமொழிகளை 3,600க்கு மேல் திரட்டி 1897இல் சென்னையில் பதிப்பித்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் அவருடைய வேதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

புள்ளியைப் பற்றிக் கேட்ட மூதாட்டியிடம் திரும்புகிறேன். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவள் அவள். அந்த நியமத்தை இந்த வருஷமும் விடவில்லை. இராப்பாடம் முடிந்து உபாத்தியாயர் ஜெபம் செய்யும்போது மற்றவர்களைப் போலத் தானும் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வாள்; கண்ணை மட்டும் மூடமாட்டாள். பக்கத்தில் இருக்கிற பேத்தி முழங்கையால் இடிப்பாள். கிழவியின் பார்வை கரும்பலகையிலேயே இருக்கும். ஜெபம் முடிந்தவுடன் அதைத் துடைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏன் இந்த வயதில் இந்தப் பிரயாசை என்று ஒருநாள் கேட்டேன். பல வருஷங்களுக்கு முன் எங்கோ ஓர் இடத்தில் வட்டிக்கு வாங்கியபோது, காட்டிய இடத்தில் விரலை உருட்டிவிட்டு வந்தாளாம். வாங்கியது ஒன்று, காகிதத்தில் இருந்தது வேறொன்று. மூக்குத்தியோடு முடிந்தது அந்தக் கணக்கு. "எனுக்கு இன்னாத்துக்கு சாமி அனா ஆவன்னா எல்லாம்? எம்பேரு வந்தாப் போதும்னுதான் போனேன். அந்த சாருதான் சுவரு, தரைன்னு இழுத்து வுட்டுட்டாரு."

சென்ற திங்கட்கிழமை, பேத்திக்குப் பள்ளி இருந்தபடியால், துணைக்கு வரும்படி என்னைக் கேட்டாள். வீட்டுமனைப் பட்டா சம்பந்தமான மனு. இது எத்தனையாவது என்பதை அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். எழுதுகிறவர் பழகியவர். வழக்கமான வாசகங்களை வேகமாக எழுதி முடித்து, கேள்வியைக் கேட்காமலே மைப்பெட்டியின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை அவர் பக்கமே திரும்ப நகர்த்திவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

எட்டு எழுத்துப் பெயர். ளகர மெய்யில் முடிவது. தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, தாளின் மூலையை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டு எழுதினாள். பின்னால் காத்திருந்தவர்கள், "சீக்கிரம் ஆவட்டும்மா, டோக்கன் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று முணுமுணுத்தார்கள். எழுத்துகள் ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக, மேட்டில் ஏறுகிற மாட்டு வண்டியைப் போல வலப்பக்கம் மேலே ஏறிப் போயின. எழுதுகிறவர் தாளை வாங்கி இரண்டாக மடித்தார்.

"இரு நைனா," என்று அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள் கிழவி. "கடைசி எழுத்துக்குப் பொட்டு வெக்கல."