உப்புப் பாக்கெட்டுக்கு நம்பர் இருக்கு. மனசுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு?



வாலிநோக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் இல்லத்தரசி. வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். இந்தப் பகுதிக்கு இதற்கு முன் கோலமும் சமையல் குறிப்பும் அனுப்பியிருக்கிறேன். சட்டம், லைசென்ஸ் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெற்ற வயிறு பட்ட பாடு என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கச்சி வீட்டுக்காரர் ராத்திரி கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயசு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. டீச்சர் கேட்டாலும் பதில் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் மட்டும் படம் போட்டுக்கொண்டே இருப்பாள். எல்லாம் ஒரே படம்தான். கடல், ஒரு வள்ளம், சுற்றிலும் கன்னங்கரேல் என்று கறுப்பு.

டவுனில் ஒருத்தர் 'ஆர்ட் தெரபி' செய்கிறார், படம் வரைய வைத்தே பிள்ளைகளைச் சரிப்படுத்திவிடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். தங்கச்சி காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து, பத்து தடவைக்கு என்று எட்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினாள். மூன்றாவது தடவை போனபோது அவர் அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இந்தப் பொண்ணு மனசுல சாவு எண்ணம் இருக்கு. விட்டா கைமீறிப் போயிடும். இன்னும் இருபது தடவை வரணும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து என் தங்கச்சிக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி தன் சேலை முந்தானையைப் பிள்ளை கையில் கட்டிக்கொண்டு படுத்தாள். அது போதாதென்று அந்தப் படத்தை அவர் தன் போன் ஸ்டேட்டஸில் பிள்ளையின் பெயரோடு போட்டுவிட்டார். ஊரெல்லாம் பார்த்தது.

நான் நேரில் போய், "தம்பி, இதுக்கு நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் காட்டினார். இரண்டு நாள் பயிற்சி என்று அதில் போட்டிருந்தது. "இதுக்குன்னு லைசென்ஸ் எதுவும் கிடையாதுங்கம்மா, யார் வேணும்னாலும் செய்யலாம்" என்றார்.

கோபம் கோபமாக வந்தது. ஆனால் விசாரித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன்.

எங்கள் வட்டாரத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. கடையில் ஒரு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கும். உப்பில் கோளாறு என்றால் அந்த நம்பரை வைத்துப் புகார் கொடுக்கலாம். நகை வாங்கினால் ஹால்மார்க் பார்க்கிறோம், குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. பார்க்கிறோம். பெற்ற பிள்ளையின் மனசை ஒருத்தர் கையில் ஒப்படைக்கும்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஓவிய சிகிச்சை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. காசநோய்க்கு சானடோரியத்தில் இருந்தபோது படம் வரைந்து மனம் தேறிய ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர்தான் 1942-ல் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்பதுதான் இதன் அடிப்படை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாளும் கிரேயானும் கொடுத்துத்தான் பலர் பேச வைத்தார்கள். கொல்கத்தாவில் 'சன்வேத்' என்ற அமைப்பு, கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கு 2004-லிருந்து நடனத்தின் மூலம் சிகிச்சை கொடுத்து வருகிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து அதற்கு டிப்ளமோ படிப்பும் நடத்தியிருக்கிறது. முறையாகப் படித்து நல்லபடியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் இரண்டு நாள் சர்டிபிகேட்காரரையும் நாம் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

இதில் நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன?

முதலாவது, 1992-ல் வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் போன்றவர்கள் அதில் பதிய வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. ஆனால் ஓவிய சிகிச்சையாளர் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநல நிபுணர் என்றால் யார் என்று அது சொல்கிறது. மனநல டாக்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ், மனநல சமூகப் பணியாளர் ஆகியோர் வருகிறார்கள். ஓவிய சிகிச்சையாளர் என்ற பெயர் அதிலும் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். 2021 மார்ச்சில் பார்லிமென்டில் நிறைவேறிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், லேப் டெக்னீஷியன் என்று பல தொழில்களை 10 பிரிவாகப் பிரித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு மூலையில் 'மூவ்மென்ட் தெரபிஸ்ட்' என்று ஒரு வரி. ஆர்ட், டான்ஸ் சிகிச்சையாளரையும் பொழுதுபோக்கு சிகிச்சையாளரையும் அந்த ஒரே வரிக்குள் அடக்கிவிட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில் வைத்து, தகுதி உள்ளவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். டிகிரி என்றால் 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும். டிப்ளமோ அளவில் துணைத் தொழிலாளர் என்றாலும் 2,000 மணி நேரம் குறையக் கூடாது. நம்ம ஆள் படித்தது இரண்டு நாள்!

இவ்வளவு நாள் பெயரே இல்லாத தொழிலுக்கு ஒரு வரியாவது கிடைத்தது நல்லதுதான். ஆனால் மூன்று குறை எனக்குப் படுகிறது.

ஒன்று, தாமதம். சட்டம் வந்து 6 மாதத்தில் மாநிலக் கவுன்சில்கள் அமைந்திருக்க வேண்டும். பல மாநிலங்கள் செய்யவில்லை. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, 2 மாதத்துக்குள் சட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இரண்டு, எல்லாரையும் ஒரே பானையில் போட்டது. படம் வரைய வைப்பது வேறு, உடலை அசைய வைப்பது வேறு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் புளிதான் என்றாலும் பக்குவம் ஒன்றா? பாடத்திட்டம் தனித்தனியாக இல்லையென்றால், நடனம் படித்தவர் ஓவிய சிகிச்சை என்று போர்டு மாட்டலாம்.

மூன்று, காகிதத்தில் மட்டும் இருக்கும் லைசென்ஸ். இதை எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்தது. கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்துப் போனார்கள். தர்காவை நம்பி வந்தவர்களைக் காசுக்கு வைத்திருந்த இடம் அது. மனநோயாளிகளை வைத்திருக்கும் விடுதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1987-லேயே சட்டம் இருந்தது. 14 வருஷமாகச் சட்டம் இருந்தும், லைசென்ஸ் எங்கே என்று போய்க் கேட்க ஆள் இல்லை. 28 உயிர் போன பிறகுதான் அனுமதியில்லாத விடுதிகளை மூடினார்கள். சங்கிலி போடக்கூடாது என்று 2017 சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். ஆகவே லைசென்ஸ் கொடுத்தால் மட்டும் போதாது, அதைச் சோதிக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தேன். இங்கிலாந்தில் 1997-லிருந்து ஓவிய சிகிச்சையாளருக்கு அரசுப் பதிவு இருக்கிறது. பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே கூடாது. யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். நியூ மெக்ஸிகோ 1990-களிலேயே லைசென்ஸ் கொண்டுவந்தது. மேரிலாந்து 2012-ல்தான் கொண்டுவந்தது. இன்னும் தனி லைசென்ஸ் இல்லாத மாநிலங்களும் இருக்கின்றன. அங்கேயும் ஒவ்வொரு மாநிலமாகப் போராடித்தான் வாங்குகிறார்கள்.

"லைசென்ஸ் வந்தா படிச்ச பட்டணத்துக்காரங்களுக்குத்தான் லாபம், கிராமத்துக்கு யார் வருவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. அது மாதிரி ஆஸ்பத்திரிகளில் ஓவிய சிகிச்சையாளருக்கு ஒரு பணியிடம் உண்டாக்கினால் எங்களுக்கும் கிடைக்கும். லைசென்ஸும் வேண்டும், வேலையும் வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் வைத்தியம்.

இன்னொன்று. லைசென்ஸ் என்றதும் அங்கன்வாடி டீச்சரும் படம் வரையச் சொல்லக்கூடாதா என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகள் வரையட்டும், ஆடட்டும், யாரும் தடுக்க முடியாது. "நான் இதை வைத்து நோயைக் குணமாக்குகிறேன்" என்று காசு வாங்குகிறவருக்குத்தான் லைசென்ஸ் கேட்கிறோம்.

என் தங்கச்சி மகள் கதைக்கு வருகிறேன். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா, படத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. எங்களை வெளியே உட்காரச் சொல்லவும் இல்லை. பிள்ளையிடம், "ஏம்மா, இங்க எல்லாம் கறுப்பா இருக்கே, அது என்ன?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அது சொன்னது: "அப்பா ராத்திரிதானே போனாங்க."

அவ்வளவுதான். சாவு எண்ணமும் இல்லை, ஒன்றும் இல்லை. ராத்திரிக் கடல் கறுப்பாகத்தானே இருக்கும்? கடற்கரையில் பிறந்த எங்களுக்கே அது தோணவில்லை. தங்கச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாலைந்து மாதம் போய் வந்தோம். இப்போது பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள். என்னைப் பார்த்தால் "பெரியம்மா, கலர் பென்சில் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

படிக்கத் தெரிந்தவர் கேட்ட ஒரு கேள்விக்கும், படிக்காதவர் சொன்ன ஒரு தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாமவர் தப்பு செய்திருந்தால் புகார் கொடுக்க எங்களுக்கு இடம் இருந்தது. இரண்டாமவர் மேல் புகார் கொடுக்க எங்கே போவது?

பதிவேடு முழுசாக நடைமுறைக்கு வரும் வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம்? யாருடைய மேற்பார்வையில் வேலை பார்க்கிறீர்கள்? பிள்ளை வரைந்த படம் யார் கையில் இருக்கும்? நிலைமை கையை மீறினால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்? இந்த நாலு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் போங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் போகாதீர்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் நம்பருக்குப் போன் போடுங்கள். அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அரசுக்கு என் வேண்டுகோள் இது. மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டை நம்மைப் போன்றவர்கள் போனிலேயே பார்க்கிற மாதிரி தமிழில் வையுங்கள். ஓவிய சிகிச்சைக்குத் தனிப் பாடத்திட்டம் போடுங்கள். புகார் கொடுக்க ஒரு முகவரி கொடுங்கள். தங்கச்சியின் தோட்டை இன்னும் மீட்கவில்லை. அது போனால் போகட்டும். அடுத்த அம்மா முந்தானையைப் பிள்ளை கையில் கட்டிக்கொண்டு படுக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.