நானோ ஆய்வுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவோமா?



வில்லியனூர், பாகூர் வட்டார முஸ்லிம் இல்லங்களில் படிப்பு முடிந்த பிள்ளையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு திசைகளிலேயே செல்கிறது. மகனாயின் வளைகுடா, மகளாயின் நிகாஹ். வேதியியலோ இயற்பியலோ முடித்த பிள்ளை "ஆய்வு செய்யட்டுமா?" என்று கேட்டால் நாம் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் சரியானதுதானா என்று சிந்திக்க வேண்டும்.

காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே தனி மையம் இயங்குகிறது. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். அந்த அளவில் பொருள்களின் இயல்பே மாறுகிறது. தங்கத் துகள்கள்கூடச் சிவந்து தோன்றும். 2007-இல் மத்திய அரசு 1000 கோடி ரூபாயில் நானோ இயக்கத்தைத் தொடங்கியது. சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்பின் குழு, குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தையும் ஆர்சனிக்கையும் நீக்கும் முறைகளைக் கண்டறிந்தது. 2021-இல் இஃப்கோ நிறுவனத்தின் நானோ யூரியா வயலுக்கு வந்தது. அது மகசூலைக் காக்கிறதா, குறைக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நெல் விளையும் பாகூருக்கு இது தொலைவான செய்தி அன்று. அந்த விவாதத்தைத் தீர்க்கவும் ஆய்வாளர்களே வேண்டும்.

எனினும் மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. நம் நாட்டில் இத்தொழில்துறை இன்னும் சிறியதே. 'நானோ' என்ற பெயரை மட்டும் நம்பி, பெருங்கட்டணம் கட்டி இளநிலைப் பட்டத்தில் சேர்க்க வேண்டா. அடிப்படை அறிவியலில் வலுவான பட்டம், பிறகு முதுநிலை, அதன்பின் நெட் அல்லது கேட் தேர்வு என்பதே பாதுகாப்பான வழி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையோ 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே பொதுப் போட்டியில் வென்றாக வேண்டிய நிலையில் நம் பிள்ளைகள் நிற்கின்றனர்.

பட்டத்திற்கும் அந்த உதவித்தொகைக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் ஏழைப் பிள்ளைகள் விலகிப்போகின்றனர். அங்கேதான் ஜமாஅத் கைகொடுக்க வேண்டும். மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகைப்படுத்தினார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிடில் குற்றம் அனைவர் மீதும் சேரும். தூய குடிநீரும் பயிரும் பற்றிய அறிவும் அவ்வகையினதே என்பது நம் கருத்து.

மஹல்லாவுக்கு ஒரு பிள்ளை என்று பைத்துல்மால் பொறுப்பேற்கட்டும். பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போதே படிப்பு தொடர்வதையும் பேசி முடிப்போம். அணுவளவு நன்மையும் வீண்போகாது என்று ஈமான் கொண்ட சமுதாயம், அணுவை ஆராயப் பிள்ளையை அனுப்பத் தயங்கலாமா?