பிழை சொல்ல நிரல் தெரிய வேண்டுமா?

நிரல் எழுதும் குழுக்களில் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் புழங்குகிறது. பிழை சொல்ல வருகிறவர் அதைத் திருத்தும் பேட்ச்சையும் கையோடு கொண்டுவர வேண்டும். முடியாதென்றால் நிரலாளருக்குப் புரியும்படி, ஆங்கிலத்தில், வரிசைக்கிரமமாக எழுதித் தர வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர் போடுவது வெறும் கூச்சல். டிக்கெட்டை க்ளோஸ் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். திருப்பதி, சித்தூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் கிட்ஹப் கணக்குத் தொடங்கும் மாணவனுக்கு, சீனியர்களிடமிருந்து கிட் கமாண்டுகளோடு இந்த மனப்பான்மையும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

இதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே ஓர் இடத்தில்தான் நியாயம் தென்படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"குறை சொல்கிறவரே திருத்தித் தரட்டும்" என்பது முதலாவது. இப்படிச் சொல்கிறவர்களுக்கு 2016 ஜனவரியை நினைவுபடுத்த வேண்டும். திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிக்கும் நூற்றுக்கணக்கானோர் அந்த மாதம் கிட்ஹப் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பிழையைப் பதிகிறவரிடம் 'எந்த வெர்ஷன், எப்படி நேர்ந்தது' என்று கேட்க ஒரு படிவம் வைக்க வழியில்லை. 'எனக்கும்தான்' என்பதற்குப் பதிலாகப் போடப்படும் '+1'கள் குவிந்து உருப்படியான பேச்சு அடியில் புதைந்துபோகிறது. இதையெல்லாம் பல காலமாகச் சொல்லியும் பதிலில்லை. இவைதான் அவர்கள் குறைகள். கிட்ஹப்பின் நிரலோ வெளியாருக்குத் திறக்காதது. ஆகவே கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் பேட்ச் அனுப்பவில்லை, அனுப்பவும் முடியாது. குறை மட்டுமே சொன்னார்கள். பிப்ரவரியில் படிவ வசதி வந்தது. மார்ச்சில் கட்டைவிரல் பொத்தான் வந்தது. தேர்ந்த நிரலாளர்களே பயனர் வரிசையில் நின்றபோது வெறுங்கையோடுதான் போனார்கள். அந்த வரிசையில் அடுத்து நிற்பவரிடம் மட்டும் பேட்ச் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, அதிகம் கேட்கும் பதில்: "என் மெஷினில் ஓடுகிறதே. ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை. க்ளோஸ்." இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நம் எழுத்துகள் இந்த இடத்தில்தான் அதிகம் அடிபடுகின்றன.

திருப்பதியில் 'ஸ்ரீ' இல்லாத தெரு கிடையாது. ஸ்ரீநிவாசன், ஸ்ரீதேவி, ஸ்ரீகாளஹஸ்தி, ஸ்ரீவாரி சேவை. மாணவர் குழு ஒன்று எழுதிய உறுப்பினர் பட்டியல் செயலியில் ஓர் அலுவலக உதவியாளர் ஸ்ரீநிவாசன் என்ற பெயரைத் தமிழில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் 'இல்லை' என்கிறது. புகார் எழுதுகிறார். நிரலாளர் தன் கீபோர்டில் அதே பெயரைத் தட்டுகிறார், உடனே வருகிறது. புகார் மூடப்படுகிறது.

உண்மையில் இருவரும் தட்டியது ஒரே எழுத்து வரிசை இல்லை. பழைய வழக்கப்படி 'ஸ்ரீ' என்பது 'ஸ' எழுத்து, புள்ளி, 'ர' எழுத்து, 'ஈ'காரக் குறி ஆகிய நான்கும் சேர்ந்தது. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து தனியிடம் பெற்றது. அதன் பிறகு 'ஶ', புள்ளி, 'ர', 'ஈ'காரக் குறி என்று தட்டினாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே 'ஸ்ரீ' வடிவம்தான் திரையில் விழும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினி ஒப்பிடுவதோ எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களை. அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். யூனிகோடு தரும் வழக்கமான சமன்படுத்தும் முறையும் இவற்றை ஒன்றாக்காது. நிரலில் ஒரு வரி எழுதி இரண்டையும் சமம் என்று நாமே சொன்னால்தான் உண்டு.

அந்த உதவியாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? அவர் கண்டதைச் சொன்னார், கண்டது உண்மை. இல்லாமல் போனது கேள்விதான். "பட்டியலில் இருக்கும் பெயரையும் நீங்கள் தட்டிய பெயரையும் காப்பி செய்து இங்கே ஒட்ட முடியுமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். புட்டி என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய சைமன் டேதம், பிழையை எப்படிச் சொல்வது என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோய் இன்னதென்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம், கண்ட அறிகுறியை அப்படியே சொல்லுங்கள் என்பது அதன் சாரம். தேர்ந்த நிரலாளர் கேட்பது, ஒரு சாதாரண ஆள் தரக்கூடியதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் கவிழ்க்கும் என்பதற்குத் தெலுங்கிலேயே சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து குறுஞ்செய்தியில் வந்தால் ஐபோனின் செயலி செயலிழந்து விழுந்தது. ஐஓஎஸ் 11.2.5-இல் அந்தப் பிழை இருந்தது. ஆப்பிள் கணினிகளும் கைக்கடிகாரங்களும்கூடத் தப்பவில்லை. அந்த எழுத்து 'ஜ்ஞா'. ஸ்ரீகாளஹஸ்தி அம்மன் ஞானப்பிரசூனாம்பிகையின் பெயரைத் தெலுங்கில் எழுதினால் முதலில் வருவது அதுதான். ஆனால் அம்மன் பெயரை வழக்கம்போலத் தட்டினால் போன் விழாது. எழுத்துக்கும் 'ஆ'காரக் குறிக்கும் நடுவே, இரண்டையும் ஒட்டவிடாமல் பிரிக்கும் உருவமற்ற ஒரு குறி புகுந்திருந்தால்தான் விழும். அப்போது காளஹஸ்தியிலிருந்து ஒருவர் 'என் போனில் அந்த எழுத்து நன்றாகத்தானே வருகிறது' என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மை; 'என் போன் செத்துவிட்டது' என்று இன்னொருவர் சொன்னால் அதுவும் உண்மை. மனீஷ் கோரேகாவ்கர் என்ற நிரலாளர் அந்த எழுத்து வரிசையைப் பிரித்து ஆராய்ந்து, வங்காளத்திலும் தேவநாகரியிலும் இதே அமைப்பு போனைச் சாய்க்கும் என்று காட்டினார். பிப்ரவரி 19 அன்று 11.2.6 வெளியிட்டு ஆப்பிள் அதைச் சரிசெய்தது. தெலுங்கு எழுதுவோர் கோடிக்கணக்கில் இருந்தும் அந்தப் பிழை எந்தச் சோதனையிலும் சிக்காமல் பயனர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பதில் எங்கெங்கெல்லாம் செல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பதில் இன்னும் நாசூக்கானது: "இது பிழையே இல்லை. இப்படித்தான் வடிவமைத்தோம்." சித்தூரில் ஒரே தெருவில் தெலுங்குக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் இருக்கும். தெலுங்கருக்கு இண்டிபேரு முன்னால் வரும். அது குடும்பத்தின் பெயர். தமிழருக்கு முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. படிவமோ 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்கிறது. தமிழ்ப் பையன் அங்கே அப்பா பெயரைப் போடுவான். சிலர் ஒரு புள்ளி வைப்பார்கள். சிலர் தங்கள் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். பிறகு சான்றிதழிலும் அப்படியே அச்சாகும். பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்களைப் பட்டியலிட்டு பேட்ரிக் மெக்கென்சி 2010-இல் எழுதியது நிரலாளர் உலகில் பிரசித்தம். அதைப் படித்துத் தலையாட்டியவர்களும் தங்கள் படிவத்தை மாற்றுவதில்லை. வடிவமைத்தவர் நினைத்தபடி ஓடுகிறது என்பதால் பிழை இல்லாமல் போகாது. வடிவமைப்பிலேயே பிழை இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒரே புகார் பத்துத் தடவை வருகிறது, பழைய புகார்கள் கிடந்து நாறுகின்றன, தானாக மூடும் பாட் ஒன்றைப் போட்டுவிடலாம்" என்பது நான்காவது. இதற்கு நீண்ட பதில் வேண்டாம். ஒரே பிழையைப் பத்துப் பேர் சொன்னால் பத்துப் பேருக்கு வலிக்கிறது என்று பொருள். உபுண்டுவின் லாஞ்ச்பேடில் 'இது என்னையும் பாதிக்கிறது' என்று ஒரு பொத்தான் வைத்து எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் கவனமும் கூடும். டெபியன் திட்டம் 1997-இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்க மாட்டோம் என்பதை ஓர் உறுதிமொழியாகவே எழுதிவைத்தது. அதன் பிழைப் பட்டியலை யாரும் எந்நேரமும் பார்க்கலாம். அறுபது நாள் பதிலில்லை என்று பாட் மூடும் டிக்கெட்டில் பதில் எழுதாதது பெரும்பாலும் பராமரிப்பாளர்தான். தண்டனை மட்டும் புகார் சொன்னவருக்கு.

"ஆங்கிலத்தில் எழுதட்டும்" என்பது ஐந்தாவது. திராவிட மொழிகளுக்கென்று 1997-இல் பல்கலைக்கழகம் அமைந்த குப்பம் இந்தச் சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து எழுதப்படும் தெலுங்குச் செயலிக்கு வரும் புகாரை ஆங்கிலத்தில் கேட்பது வேடிக்கை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 'டயல் யுவர் இ.ஓ.' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. பக்தர்கள் தொலைபேசியில் நிர்வாக அதிகாரியிடமே குறை சொல்லலாம். தரிசன வரிசையில் எங்கே தேங்குகிறது என்று சொன்னால் போதும். வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸின் வரைபடத்தைப் பற்றி யாரும் பக்தரைக் கேள்வி கேட்பதில்லை. எல்லாக் குறையும் அங்கே தீர்ந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்கிற வாசல் எளிதாக இருக்க வேண்டும் என்பதைக் கோயில் நிர்வாகம் புரிந்துகொண்ட அளவுக்குக்கூட நிரல் குழுக்கள் புரிந்துகொள்ளவில்லை.

இனி அந்த நியாயமான இடம். "நாங்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், எங்களை வதைக்காதீர்கள்." இதை லேசாகத் தள்ள முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளை லாசே காலின் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்து வந்தார். 2022-இல் சில பெயர்களிலிருந்து அவருக்கு நச்சரிப்பு மின்னஞ்சல்கள் வந்தன: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள். மனநலச் சிக்கல் இருப்பதையும், இது காசு வராத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் எழுதிப் பார்த்தார். கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் உதவ வந்தவரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயரிலிருந்துதான் 2024-இல் கள்ளக்கதவு நுழைந்தது. கர்ல் மென்பொருளை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க்கின் சிக்கல் வேறு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்களைப் பற்றி அவர் 2024 தொடக்கத்திலிருந்தே புலம்பினார். பிழை கண்டுபிடிப்போருக்கான பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார்.

இந்த வேதனை உண்மையானது. ஆனால் காலினை வதைத்த மின்னஞ்சல்களில் பிழைத் தகவலே இல்லை. 'சீக்கிரம் செய், இல்லையேல் விலகு' என்ற அதட்டல்தான் இருந்தது. கர்லுக்கு வந்தவற்றில் இல்லாத பிழை இருந்தது, பரிசுப் பணத்தின் மேல் கண்ணும் இருந்தது. இரண்டையும் மூடுவது சரி. அதே எக்ஸ்இசட் கதையில் கள்ளக்கதவைக் கண்டுபிடித்தவர் யார்? ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் அந்தக் குழுவின் ஆள் இல்லை, பாதுகாப்பு ஆய்வாளரும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது அவர் கண்ணை உறுத்தியது. தோண்டிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். வேறொருவர் 'அரை விநாடிதானே' என்று டிக்கெட்டை மூடியிருக்கலாம். அதட்டலுக்கும் அவதானிப்புக்கும் வேறுபாடு காண்பது பராமரிப்பாளரின் வேலையில் ஒரு பகுதி. இரண்டையும் ஒரே குப்பைத்தொட்டியில் போடுவதற்குத் தன்னார்வம் சாக்காகாது.

திருப்பதி, சித்தூர் மாணவர் குழுக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்கள் திட்டத்தின் முகப்பில், தெலுங்கிலோ தமிழிலோ பிழையைச் சொல்லலாம் என்று இரண்டு மொழியிலும் எழுதிவையுங்கள். ஒரு புகாரை மூடும் முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள்; மூடினால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்த நேரமில்லையென்றால் 'உண்மைதான், இப்போது முடியாது' என்று சொல்லித் திறந்தே வையுங்கள். யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப் போவதில்லை. இன்று மாலை மூடிய புகார்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். காரணம் எழுதாமல் மூடியவை அத்தனையையும் மறுபடி திறந்துவிடுங்கள்.