ஸாம்பிக்கு ஒரு முதலாளி இருந்தான்

முப்பது செகண்ட் ரீல். பின்னால் ஒரு உறுமல் சத்தம். ‘உங்களுக்குத் தெரியுமா? ஸாம்பி ஹெய்ட்டியின் வூடூ மந்திரத்திலிருந்து வந்தது!’ அவ்வளவுதான். லைக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு இந்த ‘உங்களுக்குத் தெரியுமா’ வகையறா மீதே கோபம். அது சொல்வது பொய் இல்லை, பாதி உண்மை. பொய்யையாவது மறுத்துவிடலாம். பாதி உண்மை நம்மை மேற்கொண்டு கேட்கவே விடாது.

மீதிப் பாதி இதுதான். 18ஆம் நூற்றாண்டில் ஹெய்ட்டி பிரான்ஸின் காலனி. சர்க்கரையும் காபியும் விளைவித்து, பிரான்ஸுக்குக் கொட்டிக் கொட்டிக் கொடுத்த மண். விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். வந்த சில வருடங்களிலேயே பலர் செத்துப்போனார்கள். அந்த இடத்தை நிரப்ப அடுத்த கப்பல் வந்தது. செத்தால் ஆன்மா கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடும் என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. சாவுதான் வீட்டுக்குப் போகும் வழி. அப்படிப்பட்டவனுக்கு எது பெரிய பயம்? செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்பதுதான்.

ஹெய்ட்டியின் ஸாம்பி யாரையும் கடிக்காது. மூளையைத் தின்னாது. சொன்ன வேலையைச் செய்யும், அவ்வளவுதான். அந்த மக்கள் பயந்தது ஸாம்பியைப் பார்த்து அல்ல. தான் ஸாம்பி ஆகிவிடுவோமோ என்று.

1791இல் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1804இல் விடுதலை. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, ‘இழந்த சொத்துக்கு’ 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்தில் இந்த மனிதர்களும் அடக்கம்! தன் உடம்புக்குத் தானே விலை கொடுத்த நாடு அது. 1915இல் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. 1934 வரை போகவில்லை. ஊர் ஜனங்களைப் பிடித்துக் கட்டாயமாக ரோடு போட வைத்தது.

அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் அங்கே போய்வந்து, 1929இல் ‘தி மேஜிக் ஐலேண்ட்’ எழுதினார். அதில் ஸாம்பிகள் எங்கே வேலை செய்கின்றன தெரியுமா? அமெரிக்கக் கம்பெனியின் கரும்புத் தோட்டத்தில். 1932இல் ‘வைட் ஸாம்பி’ படம் வந்தது. பேலா லுகோசி முதலாளி. சர்க்கரை ஆலையில் ஒருவன் அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு படம் சொல்ல முடியுமா? ஆனால் படத்தின் பெயரைப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இது நேர்ந்தால்தான் அது கதை.

‘கதைன்னா மாறத்தானே பாஸ் செய்யும்?’ என்பீர்கள். மாறட்டும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எனக்கும் பிடித்த படம்தான். அதில் ஸாம்பி என்ற சொல்லே கிடையாது. கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் நாயகன். ராத்திரி முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்தவனைக் காலையில் உயிரோடிருக்கும் வெள்ளையர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறு மாதத்தில் வந்த படம் அது. பயத்தை வேறு பக்கம் திருப்பினாலும், ரத்தம் யாருடையது என்பதை அது மறக்கவில்லை.

மறந்தது பின்னால் வந்த கூட்டம். முதலாளியைக் கதையிலிருந்து வெட்டிவிட்டு, ஸாம்பிக்குப் பல்லை மட்டும் மாட்டிவிட்டார்கள். இன்று எத்தனையோ கேம்களில் நாம் யார்? மாடியில் துப்பாக்கியோடு நிற்பவன். கீழே முகமில்லாத கூட்டம், சுடச் சுட வருகிறது. அடிமையின் பயமாகப் பிறந்தது, கூட்டத்தைக் கண்டு நடுங்கும் முதலாளியின் பயமாகிவிட்டது. இது வளர்ச்சி இல்லை, கட்சி மாறியது. ‘வூடூவிலிருந்து வந்தது’ என்ற ஒற்றை வரி இதைத்தான் மூடி மறைக்கிறது. கரும்புத் தோட்டம் போய்விடுகிறது, மந்திரம் மட்டும் மிச்சம்.

ஹெய்ட்டியில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஸாம்பிக்கு உப்பு கொடுக்கக் கூடாது. நாக்கில் உப்புப் பட்டால் தான் யார் என்று அதற்கு நினைவு வந்துவிடும். வேலையைப் போட்டுவிட்டுத் தன் கல்லறையைத் தேடி நடந்துவிடும். அதனால் முதலாளி அதற்கு உப்பில்லாத சோறுதான் போடுவான்.

‘சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா’ என்று நம்ம ஊரில் கேட்பார்களே, அந்தக் கேள்வியை ரீல் பார்க்கும்போது நமக்கு நாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.