அவையோரும் அடித்தளமும்

மக்கள் மன்றம் பழுதுபட்டால் அதைச் செப்பனிடும் முடிவை யார் எடுப்பது? அம் மன்றத்தில் அமர்ந்திருப்போரே எடுக்க வேண்டும் என்பது எளிதில் தோன்றும் விடை. அந்த எளிய விடைக்குள் எத்துணைச் சிக்கல் அடங்கிக் கிடக்கிறது என்பதை அறிய விரும்புவோர், இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் கதையைப் படித்தல் வேண்டும். அது வெள்ளையர் வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று நண்பர் சிலர் கேட்கலாம். 1950இல் புதிதாகத் திறக்கப்பட்ட காமன்ஸ் சபைக்கு நுழைவுக் கதவுகளை அன்பளிப்பாக வழங்கியவை இந்தியாவும் பாக்கிஸ்தானும். அவைக் காவல் அதிகாரியின் நாற்காலி இலங்கை தந்தது. கதவு கொடுத்தவர்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லலாம் அன்றோ?

பழைய அரண்மனை அழிந்த விதமே ஒரு பாடம். மரக் குச்சிகளில் கீறி அரசாங்க வரவு செலவைக் குறிக்கும் பழைய முறை 1826இல் ஒழிந்தது. பயனற்ற குச்சிகள் குவிந்து கிடந்தன. 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பிரபுக்கள் சபையின் கீழிருந்த உலைகளில் அவற்றை இட்டு எரித்தார்கள். பிற்பகலில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், தரை சுடுகிறதே, புகை வருகிறதே என்று சொன்னார்கள். எவரும் பொருட்படுத்தவில்லை. இரவில் அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

புதிய கட்டடத்திற்கு 97 திட்டங்கள் போட்டிக்கு வந்தன. 1836இல் சார்லஸ் பாரி என்பவரின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1850இல் புதிய காமன்ஸ் சபையில் வெள்ளோட்டமாக உறுப்பினர்கள் அமர்ந்து பார்த்தபோது, ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழவில்லை. கூரையைத் தாழ்த்தச் சொன்னார்கள். அழகிய சாளரங்களின் மேற்பகுதி மறையும்படி பாரி கூரையைத் தாழ்த்த நேர்ந்தது, மனம் நொந்தார். கலைஞரின் வருத்தம் நமக்கும் புரிகிறது. ஆயினும் உறுப்பினர்கள் கேட்டது நியாயமே. பேச்சுக் கேளாத பேச்சு மன்றம் எதற்கு?

1941 மே மாதம் செருமானியர் குண்டு வீச்சில் அச் சபை அழிந்தது. 1943 அக்டோபர் 28இல் அதை எவ்வாறு மீண்டும் கட்டுவது என்ற விவாதம் எழுந்தது. பிரதமர் சர்ச்சில், நீள்சதுர வடிவம் மாறக் கூடாது, எல்லா உறுப்பினரும் அமரும் அளவுக்குப் பெரிதாகவும் கூடாது என்று வாதாடி வென்றார். பெரிய மண்டபமானால் பெரும்பாலான நாட்களில் வெறிச்சென்றிருக்கும். நெருங்கி அமர்ந்தால்தான் விவாதம் உயிரோடிருக்கும் என்பது அவர் எண்ணம். இன்று 650 உறுப்பினர்களுக்கு அங்கே 427 இருக்கைகளே உள்ளன. (நம் சங்கச் செயற்குழு இம்முறையை மேற்கொண்டால் ஆண்டு விழாவில் காலி நாற்காலிகள் கண்ணில் படமாட்டா!)

ஆக, எப்படி அமர்வது, எப்படிக் கேட்பது, எப்படி வாக்களிப்பது என்பவற்றில் உறுப்பினர் சொல் வெல்ல வேண்டும். அது அவர்கள் தொழில். அதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இலர். இன்றைய சிக்கலோ சபையின் தரைக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

அடித்தளத்தில் நீராவிக் குழாய், எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பழையதை எடுக்காமலேயே புதியதைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். காற்றோட்டத்திற்காக அந்நாளில் அமைத்த செங்குத்தான குழல்வழிகள் அரண்மனை முழுவதும் ஏறிச் செல்கின்றன. கீழே தீப்பற்றினால் அது மேலேறவும் அவையே வழி. வெளிச் சுவரின் நிலைமை வேதியல் பயிலும் எனக்கு விளங்குவது. கட்டியது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். நகரின் நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு கூடி அக் கல்லை மக்னீசியம் சல்பேட்டாக்கி உதிர்த்தது. பேதிக்குக் கொடுக்கிறார்களே எப்சம் உப்பு, அதுவேதான்! கல்லையாவது 1930களிலிருந்து மாற்றி வந்தார்கள். குழாய்களுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தீக்காவலர் இரவும் பகலும் 24 மணி நேரமும் சுற்றி வருவதால்தான் கட்டடம் பிழைத்திருக்கிறது.

இது எவருக்கும் தெரியாத செய்தி அன்று. 2016இல் இரு அவைகளின் கூட்டுக்குழு, எல்லோரும் வெளியேறி முழுவதும் செப்பனிடுவதே சிறந்த வழி என்றது. 2018 ஜனவரி 31இல் காமன்ஸ் சபை 236க்கு 220 என்ற வாக்கில் அதை ஏற்றது. 2019இல் சட்டம் வந்தது; பணியை நடத்தத் தனி அமைப்பு ஏற்பட்டது. அவ்வமைப்பு 2022இல் கணக்குச் சொன்னது: முழுவதும் காலி செய்தால் 700 கோடி முதல் 1,300 கோடி பவுன் செலவு, 12 முதல் 20 ஆண்டு வெளியே வாசம், உள்ளே இருந்துகொண்டே செய்தால் 1,100 கோடி முதல் 2,200 கோடி பவுன், 46 முதல் 76 ஆண்டு. கணக்கைக் கேட்ட அவைகள் என்ன செய்தன? கணக்குச் சொன்ன அமைப்பையே கலைக்க ஒப்பின; 2023 பிறந்தபோது அது இல்லை. காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

உறுப்பினரின் அச்சம் இரண்டு. வெளியேறினால் திரும்ப வரமுடியாமற் போகுமோ என்பது ஒன்று. மக்கள் வாடும்போது தம் இருப்பிடத்திற்குக் கோடிகள் செலவிட்டார்கள் என்று தொகுதியில் ஏசுவார்களே என்பது மற்றொன்று. இரண்டாவது அச்சத்தை நான் எள்ள மாட்டேன். வாக்குக் கேட்டு நிற்பவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் 2023இல் அவர்களுடைய பொதுக் கணக்குக் குழுவே, ஒட்டுப்போடும் பராமரிப்புக்கு மட்டும் வாரந்தோறும் சுமார் 20 இலட்சம் பவுன் போகிறது என்றது. செலவு நின்றபாடில்லை, அது கண்ணில் படாமல் நடக்கிறது, அவ்வளவே.

கண்ணில் படாதது செலவு மட்டுமன்று. 2021இல் அக் கட்டடத்தில் கல்நார்த் தூசு வெளிப்பட்டு, 117 பேர் வரை அதற்கு ஆளாகியிருக்கலாம் என்று அதே குழு குறித்தது. பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர். கல்நார் நோய் நுரையீரலில் பல்லாண்டு பதுங்கியிருந்து பின்பு வெளிப்படுவது. வாக்களிக்கும் கூடத்தில் இவர்களுக்கு இடமில்லை. சமையற்காரர், துப்புரவாளர், குழாய் செப்பனிடுவோர், பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் ஆகிய எல்லோர்க்கும் சேர்த்துத்தான் உறுப்பினர்கள் ஒத்திப்போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

கனடாவைப் பாருங்கள். ஒட்டாவாவில் பாராளுமன்றத்தின் நடுக்கட்டடத்தை 2018 முடிவில் பூட்டினார்கள். கீழவை, மேற்குக் கட்டடத்தின் முற்றத்திற்குக் கண்ணாடிக் கூரை வேய்ந்து அங்கே குடியேறியது. மேலவை பழைய இரயில் நிலையம் ஒன்றிற்குப் போயிற்று. மானம் ஒன்றும் கப்பலேறிவிடவில்லை. ஆஸ்திரியரும் 2017இல் வெளியேறி 2023 ஜனவரியில் வியன்னாவிலுள்ள தம் பழைய மன்றத்திற்கே திரும்பி வந்தனர். போனால் திரும்ப முடியாது என்போர்க்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

வெஸ்ட்மின்ஸ்டரில் 2024 மார்ச்சில் மூன்று வழிகளை மீண்டும் ஆராய்வதென்று தீர்மானித்தார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் 335 பேர் புதிய உறுப்பினர்களாக வந்தனர். 2018இல் கை தூக்கியவர் பலர் வீடு போயினர். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறும் அவையும் இருபதாண்டு நடக்கும் வேலையும் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். இதற்காக உறுப்பினரை ஒதுக்கி வைத்துவிட்டு வல்லுநரே நடத்தட்டும் என்பாரோடு நான் உடன்படவில்லை. கலைந்த அமைப்பிலும் உறுப்பினர் சிலர் இருக்கத்தான் இருந்தனர். மற்ற நூற்றுக்கணக்கானோர் அறிக்கையில் இலக்கங்களை மட்டும் கண்டு மிரண்டனர்.

புதிதாக உறுதிமொழி எடுக்கும் ஒவ்வோர் உறுப்பினரையும் ஓர் இரவு தீக்காவலருடன் அடித்தளத்தைச் சுற்றி வரச் செய்ய வேண்டும். இருக்கை, ஒலி, வாக்கு முறை பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும். குழாயின் விட்டம் பற்றிக் கேட்க வேண்டா. முடிவுக்கு நாள் குறிக்க வேண்டும். அந்நாளைத் தள்ளிவைக்கத் தீர்மானம் கொண்டுவந்தால், தள்ளிவைப்பதால் ஏறும் செலவு எத்தனை பவுன் என்பதைத் தீர்மானத்தின் தலைப்பிலேயே அச்சிட்டு, ஆதரித்து வாக்களித்தோர் பெயர்களை அதன்கீழ் வரிசையாகப் போட வேண்டும்.